குடியிருப்பில் ஒரு பேசாப்படம் திரையிட

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டருகே உள்ள கரையோரப் பூங்காவில் நின்றால் சுதந்திர தேவி சிலையின் முதுகுதான் தெரியும். அதன் முகத்தைக் கப்பலில் வந்தவர்கள்தான் பார்த்தார்கள். அப்படி வந்தவர்களைப் பற்றிய படம், 1917-இல் வெளியான சாப்ளினின் 'தி இமிக்ரண்ட்'. லண்டனில் பிறந்த சாப்ளின் 1910-இல் நாடகக் குழுவோடு அமெரிக்கா வந்தவர். முரட்டுப் பரிமாறுபவராக வரும் எரிக் கேம்பெல்லும் கடல் கடந்து வந்தவரே. எங்கள் குடியிருப்பில் குஜராத்தியர், எகிப்தியர், பிலிப்பினோக்கள் எல்லோரும் இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வர வேண்டும் என்றால் பேசாப்படத்தை விட நல்லது எனக்குத் தெரியவில்லை.

முதலில் உரிமையை விசாரியுங்கள். அமெரிக்காவில் இந்தப் படம் உரிமைக்காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டது. ஆனால், புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பொதுவாகப் படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், சாப்ளின் இறந்தது 1977-இல்.

அடுத்தது வேகம். இதில்தான் நான் தவறினேன். முதல் முறை இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பிரதியைப் போட்டேன். அக்காலப் படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24 சட்டகங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) குறைவாகவே எடுக்கப்பட்டவை. அவற்றை 24-இல் ஓட்டினால் மனிதர்கள் எறும்பாக ஓடுவார்கள். உணவகத்தில் நாயகி எட்னாவின் கையில் கறுப்புக் கரையிட்ட கைக்குட்டையைப் பார்த்து, அவள் தாய் இறந்துவிட்டாள் என்று நாயகன் உணரும் இடத்தில் கூடமே சிரித்தது. எனக்கு நெஞ்சு வலித்தது. எனவே சீரமைக்கப்பட்ட பிரதியை வாங்குங்கள். அந்தக் காட்சியை மட்டும் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். அதில் கை இயல்பாக அசைந்தால் போதும்.

திரைக்கு வெள்ளை வேட்டி போதும், சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கீபோர்டு வாசித்தாள். அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: சிலை தெரிந்தவுடன் வாசிப்பதை நிறுத்திவிடு. 'சுதந்திர நாட்டுக்கு வருகை' என்று அட்டை வரும், எல்லோரும் சிலையைப் பார்ப்பார்கள், உடனே அதிகாரிகள் அவர்களைக் கயிறு கட்டி மந்தை போல ஒதுக்குவார்கள். அந்தக் கயிற்றுக்கு இசை வேண்டாம். எழுத்து அட்டைகள் குறைவு. மொழிக்கு ஒருவர் மெல்லிய குரலில் சொல்லிவிட்டால் போதும்.

படத்துக்கு முன் உரை எதுவும் வேண்டாம். முடிந்த பிறகு ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள். 1952-இல் சாப்ளின் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தேநீர் கொடுங்கள். கேள்வி ஒன்றே போதும்: நீங்கள் வந்திறங்கிய நாளில் உங்கள் கையில் என்ன இருந்தது?

எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் பேசாமல் உட்காரும் எகிப்தியப் பெரியவர்தான் முதலில் எழுந்தார். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியை விமான நிலையத்தில் வாங்கி எறிந்துவிட்டார்களாம். அந்த ரொட்டியை எப்படிச் சுடுவார்கள் என்பதையே கால் மணி நேரம் சொன்னார். படம் அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனாலும் கூடத்தை இரண்டரை மணி நேரத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.