பழைய அரிவாளும் உளியும்: சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டனார் பனையேறிய காலத்துப் பாளை அரிவாள், படகு கட்டிய பெரியப்பாவின் வாச்சியும் உளியும், அப்பத்தா மீன் அரிந்த அரிவாள்மனை என ராமநாதபுரம் கடற்கரை வீடுகளின் பரண்களில் துருவேறிக் கிடக்கும் கருவிகளைச் சீர்செய்து வைத்துக்கொள்ளப் பலர் விரும்புகிறார்கள். அவற்றில் சில, வேலை தொடங்கிய முதல் நாளிலேயே மீட்க முடியாதபடி கெட்டுவிடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

பளபளப்பை இலக்காக வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சிவந்து உதிரும் துருவை நீக்க வேண்டும். ஆனால் இரும்போடு ஒட்டி, தேய்த்தாலும் கையில் வராத கரும்படலம் அந்த இரும்புக்கு ஓரளவு காப்பாகவே இருக்கிறது. அதையும் சுரண்டி எடுத்தால், கொல்லர் அடித்த முத்திரையும், புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரெழுத்தும் சேர்ந்தே போய்விடும். தொடங்கும் முன் இருபுறமும் படம் எடுத்துவிட்டு, எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, இரும்பைவிட மென்மையான பித்தளைத் தகட்டால் துருவைச் சுரண்டுவதே பாதுகாப்பான வழி.

அடுத்தது சாணை மெஷின். கொல்லர் பெரும்பாலும் வெட்டும் விளிம்பான வாய்ப்பகுதிக்குத்தான் தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது) கொடுத்திருப்பார். வேகமாகச் சுழலும் கல்லில் அந்த மெல்லிய வாயை அழுத்திப் பிடித்தால், சில நொடிகளிலேயே இரும்பு நீலம் பாய்ந்துவிடும். அந்த நீலம், சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டதற்கான அடையாளம்; அந்த இடம் மென்மையாகி, தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீரில் நனைத்த கைச்சாணைக்கல் நேரம் எடுக்கும், ஆனால் சூடேற்றாது. தீட்டித் தீட்டி ஒருபக்கம் ஒடுங்கிய அலகை நேராக்குவதற்காக அதன் வாயைப் பெருமளவு தேய்ப்பதும் வேண்டாம். அந்த ஒடுக்கம் அதை வைத்து உழைத்தவரின் கைப்பழக்கம்.

இந்தக் கரையில் இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது உப்பு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில், அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த நேர்ந்தது. அதே காற்றில்தான் நம் கருவிகளும் கிடந்தன. துருக்குழிகளின் அடியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், மேலே எவ்வளவு எண்ணெய் தடவினாலும் அடியில் அரிப்பு தொடரும். சுத்தம் செய்த சில நாட்களில் குழிகளில் செம்மஞ்சள் துளிகள் கசிந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். இதை அறியாமல் வீட்டுக் கிணற்றின் உவர்நீரிலேயே கழுவி முடிப்பது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. குழாயில் வரும் காவிரிக் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள். அந்த நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கைப்பிடி நனையாமல் அலகை மட்டும் மூழ்கவைத்து, நீரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் ஊறவிட்டால் குழிக்குள் இருக்கும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காரத்தன்மையுள்ள நீர் என்பதால் புதுத்துருவும் அவ்வளவாகப் பிடிக்காது. பிறகு வெந்நீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் தொடாதீர்கள். துரு நொடியில் கரைவது உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், உப்பில் உள்ள எந்தக் குளோரைடை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே இரும்புக்குள் திரும்ப ஏற்றிவிடுகிறது. வினிகர் அவ்வளவு கடுமையானதல்ல. அதிலும் நாட்கணக்கில் மறந்துவிட்டால் நல்ல இரும்பே அரிக்கப்பட்டு, கரும்படலமும் போய்விடும்.

ஆடுகிற கைப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மரம் உப்பி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும், உள்ளே செருகிய வால்பகுதியும் துருப்பிடிக்கும். பழைய பிடிகள் பலவற்றில் அரக்குதான் பிடிமானம். உருகிய அரக்கை மீண்டும் இட்டுப் பொருத்தி, பூணை இறுக்கினால் போதும். மரம் வெடித்திருந்தால்கூட உடனே புதுப்பிடி போடச் சொல்ல மாட்டேன். கட்டைவிரல் பதிந்து பள்ளமான இடம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. தினமும் வேலைக்கு எடுக்கப்போகிறவர்கள் மட்டும், பாதுகாப்பு கருதி மாற்றிவிட்டு, பழையதைத் தனியே பத்திரப்படுத்தலாம்.

சமையலுக்குப் பயன்படுத்தும் கருவி என்றால் மெஷின் எண்ணெய் கூடாது, தேங்காய் எண்ணெயே போதும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கெட்டியாகும். பிளாஸ்டிக் பையில் கட்டினாலும் தோலுறைக்குள் செருகி வைத்தாலும் ஈரம் உள்ளேயே அடைபடும். ஆகவே எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி, கடற்காற்று நேரே படாத உள்ளறையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்களில் மட்டும் வாரம் ஒருமுறை பிரித்துத் துடைத்து, புதிதாக எண்ணெய் தடவ வேண்டியிருக்கும்.