திருகோணமலையில் கண்காட்சி திறக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய கலைக்கூடத்தில் ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் சேர்த்து வைக்கும்போது நேர்கிற தவறுகளில் பெரும்பாலானவை, விளக்கேற்றுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் முதல் தவறு, கடலை மறந்துவிடுவது.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு மழை வருகிறது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன், கோணேசர் கோயில் மலையிலிருந்து விடியலில் எடுத்த ஓர் ஒளிப்படத்தை, கண்ணாடியில் ஒட்டினாற்போல் சட்டகத்துக்குள் வைத்து மாட்டினோம். ஒரு மாரி கழிந்து கழற்றியபோது வானத்தில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், நடுவே படம் தெரிய வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம் வேண்டும். சட்டகத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

எண்ணெய் வர்ணம் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். தடித்த பூச்சு உள்ளே காய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். திறப்பு நாளுக்குப் பளபளக்கட்டும் என்று அவசரப்பட்டு வார்னிஷ் பூசினால் பிற்பாடு மேற்பரப்பு வெடிக்கக்கூடும். அக்ரிலிக் வர்ணத்துக்கு இவ்வளவு காத்திருப்பு தேவையில்லை.

வெளிச்சத்தில் ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் ஒன்றாக நடத்தக் கூடாது. நீர்வர்ணத்துக்கு 50 லக்ஸ் (படத்தின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும். எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். வெயிலில் வெளுத்த நிறம் திரும்பி வராது. இரவுக் கடலைக் காட்டும் கருமையான ஒளிப்படத்தை யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால், பார்ப்பவருக்குத் தெரிவது தன் முகமும் யன்னல் கம்பிகளும்தான். அதை யன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டுங்கள்.

அச்சுக்கான படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், சுருங்கித்தான் வரும். 12க்கு 18 அங்குல அச்சு தெளிவாக இருக்க 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். மூலக்கோப்பையே கேளுங்கள்.

வீட்டில் சாமிப்படமும் மாலையிட்ட தாத்தாவின் படமும் தொங்கும் உயரத்தில்தான் நம் கை தானாக ஆணி அடிக்கப் போகிறது. கண்காட்சியில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றரில் இருந்தால் கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். யார் மனமும் நோகக் கூடாது என்று இருபது படங்களுக்கான சுவரில் அறுபதை நெருக்குவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த நெரிசலில் அறுபது பேருக்கும் இழப்புத்தான். தேர்வு செய்கிறவர் சிலருக்கு இல்லை என்று சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மொழிகள் பேசும் நகரத்தில் ஒரே மொழியில் பெயரட்டை வைப்பது பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும். சிங்களத்தில் எழுதியதை அம்மொழியில் வளர்ந்த ஒருவர் படித்துப் பார்க்கட்டும். திறப்பை வெள்ளி நண்பகல் ஜும்மா நேரத்தில் வைக்காதீர்கள். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஒன்றரை மணி நேரம் போனால் படங்களுக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். வந்தவர்கள் முதலில் படங்களைப் பார்க்கட்டும். பேச்சு பிறகு, சுருக்கமாக.

என்னை மிகவும் வருத்துகிற தவறு ஒன்று உண்டு. கரைவலை இழுக்கிறவரைப் படம் எடுத்து, கீழே "மீனவர்" என்று மட்டும் எழுதிவிடுகிறோம். காட்சிக்கு வைக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள், பெயரைப் போட அவருக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள். திறப்பு நாளுக்கு அவரையும் குடும்பத்தோடு அழையுங்கள். கண்காட்சி முடிந்ததும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள், கண்ணாடியில் படாமல் மவுண்ட் போட்டு.