வயிறு ஏன் உப்புகிறது? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஊட்டி, கோத்தகிரி பக்கம் யாரைக் கேட்டாலும் "குளிருக்குச் செரிக்க மாட்டேங்குது, ஒரே கேஸ்" என்பார்கள். உடனே மாத்திரையைத் தேடாமல் முதலில் ஒரு நோட்டு எடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது உப்பியது, இந்த மூன்றையும் ஒரு வாரம் எழுதினால் போதும்.

இதில் நேரம்தான் முக்கியம். சாப்பிட்ட கையோடு ஏப்பமாக வந்தால் அது பெரும்பாலும் அவசரமாகச் சாப்பிடும்போது விழுங்கிய காற்று, இல்லையென்றால் சோடா.

அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு இரைந்து உப்பினால் பாலைச் சந்தேகப்படுங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைவு. அம்மா வருஷக்கணக்காக அவரையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார், எழுதிப் பார்த்தால் குளிருக்காகக் குடித்த ஆறு டம்ளர் பால் டீ! சில நாள் பால் விடாத டீ குடித்துப் பாருங்கள். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

நாலைந்து மணி நேரம் கழித்து உப்பினால் அவரை, பட்டாணி, ராஜ்மா, முட்டைகோஸ், பூண்டு இவற்றைப் பாருங்கள். இவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது, அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியா புளிக்க வைப்பதால்தான் வாயு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கீழே வேகிற நேரத்தில் இங்கே பயறு வேகாது. ராத்திரியே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கூடுதலாக இரண்டு மூன்று விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாக. குளிரில் தாகம் எடுக்காததால் தண்ணீர் குறைந்து மலச்சிக்கல் வரும், அதனாலும் வயிறு உப்பும்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, பெண்களுக்கு வாரக்கணக்கில் தீராத உப்பல் இருந்தால் நோட்டோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரவே வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மலைப்பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நேரமாகும்.