வரப்புக்கு மேலே செழிப்பு, கீழே வெளுப்பு

பென்னாகரம் பக்கம் எங்களுடையது சரிவான செம்மண் மானாவாரி நிலம், இரண்டு ஏக்கர். பெருமழை பெய்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். கேழ்வரகின் வேர் வெளியே தெரியும். தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயால் மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே நான்கு மண்வரப்புகள் போட்டேன்.

மண் நின்றது. ஆனால் மறுவருடப் பயிர் என்னைக் காட்டிக்கொடுத்தது. வரப்பின் மேற்புறம் வண்டல் தங்கியதால் கேழ்வரகு இடுப்பளவு வளர்ந்தது. வரப்புக்குக் கீழே பத்தடி அகலத்துக்கு வெளிறிப்போய் முழங்காலைத் தாண்டவில்லை. வரப்புக்கான மண்ணை அங்கிருந்துதான், அதுவும் மேல்மண்ணாகப் பார்த்து, வெட்டியிருந்தேன். போதாததற்கு, ஒவ்வோர் உழவும் அந்த இடத்து மண்ணைக் கீழ்நோக்கி நகர்த்துகிறது.

எருவை எங்கும் சமமாக இறைப்பதை நிறுத்தினேன். சித்திரையில், புழுக்கை எருவாக விழட்டும் என்று, ஆட்டுக்கிடையை அந்த வெளிறிய பட்டையில் மட்டும் ஐந்து இரவு அடைத்தேன். (கிடைக்காரருக்கு இடம் குறுகல் என்று கோபம்.) அடுத்து அங்கே கொள்ளு விதைத்துப் பூக்கும்போது மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதேன். வரப்பில் வெட்டிவேர் நட்டு, உபரி நீர் வழிய ஓரத்தில் கல் பாவினேன்.

மூன்றாம் வருடம் அந்தப் பத்தடிப் பயிரும் பச்சை பிடித்தது. இன்னும் ஒரு சாண் குட்டைதான்.