டீ பெல் அடித்த பிறகு என்ன செய்வான்?

திருப்பூரில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் 18 வயதைத் தாண்டியதும் அவர்களை ஒரு வேலையில் சேர்த்துவிடுவது என் பொறுப்பு. நான் முதன்முதலில் சேர்த்துவிட்ட பையன் நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டான்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. ஒரு நூல்கூட விடமாட்டான், அவ்வளவு சுத்தம். 11 மணிக்கு டீ பெல் அடித்ததும் மெஷின் சத்தம் மொத்தமும் நின்று, இரண்டே நிமிடத்தில் எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். இவன் மட்டும் கத்தரியும் கையுமாக நின்றிருக்கிறான். யாரோ விளையாட்டுக்கு அதைப் பிடுங்க, இவன் போட்ட கூச்சலில் மாடியே கூடிவிட்டது. "நாளைக்கு அனுப்ப வேண்டாங்க டீச்சர்" என்றார் சூப்பர்வைசர். தப்பு என்னுடையது. பிசிறு வெட்டச் சொல்லிக்கொடுத்தேன், டீ குடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் பிள்ளையைக் கூட்டிப்போகும் முன் நான் மட்டும் ஒரு நாள் முழுக்க அந்தக் கம்பெனியில் உட்கார்ந்துவிடுவேன். என்னைப் போலப் பிள்ளைகளை வேலையில் சேர்த்துவிடும் நீங்களும் அதைச் செய்யுங்கள். பெல் எத்தனை தடவை அடிக்கிறது, சாப்பாட்டுப் பையை எங்கே வைக்கிறார்கள், கழிப்பறைத் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கே இருக்கிறது, யார் சத்தம் போட்டுப் பேசுகிறவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெல் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அப்புறம், பதற்றமில்லாத ஒருவரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் செக்கிங் டேபிளில் அப்படியொரு அக்கா இருப்பார். "டீக்கு இவன் உங்ககூட வரட்டுங்களா அக்கா?" என்று கேட்டால் போதும். சூப்பர்வைசரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். ஆர்டர் அவசரத்தில் அவருக்கு அவர் டீயே நினைவிருக்காது.

அந்தப் பையன் எட்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். சேரும் முன் இரண்டு வாரம் பள்ளியில் தினமும் 11 மணிக்கு அந்த பெல்லை ஒலிக்கவிட்டோம். கத்தரியைப் பெட்டிக்குள் வை, கை கழுவு, படி இறங்கு, டம்ளரை வாங்கு, அக்கா பக்கத்தில் உட்கார், மறுபடி பெல் அடித்தால் மேலே ஏறு. இவ்வளவுதான் பாடம்.

வேலையைப் பழக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். பேக்கிங் என்றால் அட்டையை வைப்பது, கைப்பகுதியை மடிப்பது, பாதியாக மடிப்பது, கவருக்குள் நுழைப்பது, டேப்பை உரித்து ஒட்டுவது என்று ஐந்து படி. முதல் நான்கை நீங்களே செய்து, ஒட்டுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். ஒட்டியதும் ஒரு பீஸ் முடிந்துவிடும், அவன் கையால் முடிந்ததாக இருக்கும். அது கைவந்த பிறகு கவருக்குள் நுழைப்பதும் அவன் வேலை. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் மூன்றாவதில் குழம்பி, முடித்த சந்தோஷமே கிடைக்காமல் எழுந்துவிடுவார்கள்.

பஸ்ஸுக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். முதலில் பக்கத்து சீட், பிறகு இரண்டு சீட் தள்ளி, கடைசியில் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியில். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கவைத்து, சட்டைப்பையில் இருக்கும் போன் நம்பர் அட்டையைக் கண்டக்டரிடம் காட்டப் பழக்குங்கள். அம்மாக்கள் அன்றைக்கு அழுவார்கள். பரவாயில்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID), ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். 18 வயதானதும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர்வதில்லை. தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டில் உட்காரவைக்காதீர்கள். இரண்டு வருஷம் சும்மா இருந்தால் காலையில் எழுந்து குளிக்கும் பழக்கமே போய்விடும்.

முதலாளியிடம் போய் "தெய்வக் குழந்தைங்க, பார்த்துச் செய்யுங்க" என்று கேட்காதீர்கள். "உங்ககிட்ட எந்த வேலை தேங்கிக் கிடக்குது?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்ல வேண்டும், வாயால் சொல்வதைவிடச் செய்து காட்ட வேண்டும், பிரச்சினை என்றால் முதலில் எனக்கு போன் செய்ய வேண்டும். இந்த மூன்றைத்தான் நான் கேட்பேன். சம்பளத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். "வீட்டுல சும்மாதானே இருக்கான்" என்று சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளப் பார்ப்பவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். சனிக்கிழமை சம்பளக் கவரை அவன் கையில்தான் கொடுக்கச் சொல்லுங்கள், அப்பா கையில் அல்ல.

முதல் வாரம் முழு நாளும் கூட இருங்கள். பிறகு அரை நாள், பிறகு டீ நேரம் மட்டும். ஆறு மாதம் நன்றாகப் போன பிள்ளை திடீரென்று போகமாட்டேன் என்றால், சூப்பர்வைசர் மாறியிருப்பார், அல்லது டேபிளை இடம் மாற்றியிருப்பார்கள், அல்லது அந்த அக்கா லீவில் இருப்பார். இந்த மூன்றையும் முந்தின நாளே உங்களுக்கு போன் செய்து சொல்லும்படி அக்காவிடம் கேட்டு வையுங்கள். தீபாவளிக்கு அவருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க மறக்காதீர்கள், அதையும் பிள்ளை தன் சம்பளத்தில் வாங்கட்டும்.