கேன்சர்னு சொல்லிட்டாங்க, ஜெபமா ட்ரீட்மென்ட்டான்னு குழம்புறவங்களுக்கு

எங்க பெரியம்மாவுக்கு மார்புக் கட்டி கேன்சர்தான்னு பயாப்ஸி ரிசல்ட் வந்த ராத்திரி, அவங்க பீரோ மேல இருந்த, வேத வசன அட்டைங்க போட்டு வச்ச வாக்குத்தத்த டப்பாவ எடுத்து, கண்ண மூடிக்கிட்டு ஒரு அட்டைய உருவினாங்க. "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்", யாத்திராகமம் 14:14. அவ்ளோதான், ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க. மூணு வாரம் நாங்க கெஞ்சி ஒண்ணும் நடக்கல, கடைசில எங்க சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், வந்து அடுத்த வசனத்தையும் வாசிங்கம்மான்னார். 15-ல கர்த்தர் மோசேகிட்ட, என்கிட்ட முறையிடுறது என்ன, புறப்பட்டுப் போகச் சொல்லுன்றார். மறுநாள் காலைல ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டோம்.

அதனால முதல்ல சொல்றது, சீட்டுப் போட்டு ட்ரீட்மென்ட்ட முடிவு பண்ணாதீங்க. பலம் கேட்டு, பயம் போகக் கேட்டு ஜெபம் பண்ணுங்க, ஆனா கீமோ வேணுமா வேண்டாமான்றதுக்கு பதில் உங்க ஸ்கேன்லயும் பயாப்ஸிலயும்தான் இருக்கு.

யாராவது ஆசா ராஜா வியாதில கர்த்தரத் தேடாம பரிகாரிகளத் (வைத்தியர்களத்) தேடினான், செத்தான்னு 2 நாளாகமம் 16-அ தூக்கிட்டு வருவாங்க. அந்த அதிகாரத்த மேல இருந்து படிச்சா தெரியும், அவன் ஏற்கனவே கர்த்தர விட்டு சீரியா ராஜாவ நம்பி, கண்டிக்க வந்த ஞானதிருஷ்டிக்காரனையும் காவல்ல போட்டவன், வைத்தியத்துக்குப் போனது மட்டுமே தப்புன்னு அங்க இல்ல. சாகக் கெடந்த எசேக்கியா ராஜாவப் பாருங்க, 15 வருஷம் ஆயுசு கூட்டுவேன்னு கர்த்தரே சொல்லியாச்சு, அப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடைய பிளவை மேல பத்துப்போடச் சொல்றார் (ஏசாயா 38). ஆஸ்பத்திரி உலகக் காரியம்னு சொன்னா, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய 1900-ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு பெட்டோட ஆரம்பிச்சதும், எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் நெய்யூர்ல வந்து மிஷன் ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணதும் எந்த விசுவாசத்துலன்னு கேளுங்க.

டாக்டரப் பாக்கப் போறப்ப ஒரு நோட்டு கொண்டு போங்க, கூட ஒரு ஆளும் வேணும், ஏன்னா கேன்சர்ன்ற வார்த்தைக்கு அப்புறம் நோயாளி காதுல எதுவும் ஏறாது. கேக்க வேண்டியதுல பெரிய கேள்வி, "இது முழுசா குணமாக்குற ட்ரீட்மென்ட்டா, கட்டுப்படுத்தி வைக்கிற ட்ரீட்மென்ட்டா?" பதில் தெரியாம குடும்பம் முடிவெடுக்கவே முடியாது. மார்பு கேன்சர்னா ஈஆர், பிஆர், ஹெர்-டூ ரிப்போர்ட் (எந்த மருந்து கட்டிக்கு கேக்கும்னு காட்டுற டெஸ்ட்) என்ன, கீமோ முதல்லயா ஆபரேஷன் முதல்லயா, யோசிக்க எத்தன நாள் இருக்கு. ரத்தப் புத்துநோய்ல சில வகைக்கு நாள் கணக்குல ஆரம்பிக்கணும், மார்புக் கட்டிக்கு பொதுவா ஒரு வாரம் ரெண்டு வாரம் செகண்ட் ஒபினியனுக்கு கிடைக்கும், அதுக்கு ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, பயாப்ஸி ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டு) கேட்டு வாங்கிக்கோங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா உங்க ட்ரீட்மென்ட் அதுல வருமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே விசாரிங்க.

கீமோ ஆரம்பிச்சப்புறம் சபைக் காரியங்கள்ல கொஞ்சம் கவனம் வேணும், இத யாரும் சொல்லித்தர மாட்டாங்க. நோயாளி உபவாசம் வேண்டாம், வீட்டுல மத்தவங்க முறை போட்டு இருக்கட்டும். ரத்தத்துல கிருமிய எதிர்க்கிற வெள்ளணு குறையிற நாட்கள்ல, பொதுவா ஊசி போட்டு ஏழுலருந்து பதினாலு நாளுக்குள்ள, கூட்டத்துல முழு இரவு ஜெபம் வேண்டாம், நற்கருணைக்கு ஒரே பாத்திரம்னா ஐயர்கிட்ட தனிக் கப் கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க. காய்ச்சல் 100.4 தாண்டினா எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு காலைல பாக்கலாம்னு இருக்கக்கூடாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரி. ரேடியேஷன் போற தோல்லயும் ஜெப எண்ணெய் வேண்டாம், நெத்தில பூசுங்க. யாரோ கொடுத்த கஷாயத்த டாக்டருக்குத் தெரியாம குடிக்காதீங்க.

வீட்டுக்கு வர்றவங்கள்ல ஒருத்தராவது விசுவாசம் குறைவுன்னு சொல்லிட்டுப் போவாங்க, எனக்கு அதுலதான் ரொம்பக் கோவம். பவுல் மூணு தரம் வேண்டியும் அவர் சரீரத்துல இருந்த முள்ளு போகல, கூட ஊழியம் பண்ண துரோப்பீமுவ மிலேத்துல வியாதியோட விட்டுட்டு வந்தேன்னு அவரே எழுதுறார், அவருக்கு விசுவாசம் குறைவா? ஸ்கேன் கொஞ்சம் நல்லா வந்ததும் சாட்சி சொல்லுங்கன்னு மைக்க நீட்டுவாங்க, சொல்லுங்க, ஆனா சாட்சி சொன்ன கையோட மாத்திரைய நிறுத்திடாதீங்க, மார்பு கேன்சர் திரும்ப வராம இருக்க கொடுக்கிற டமாக்ஸிஃபென் மாதிரி மாத்திரைய 5 வருஷம், சிலர் 10 வருஷம் கூட போடணும்.

எல்லா ட்ரீட்மென்ட்டும் கேக்காத கட்டம் வந்தா, இன்னொரு கீமோவால என்ன கிடைக்கும், எவ்வளவு கஷ்டம்னு நேரா கேளுங்க. போதும்னு சொல்றது அவிசுவாசம் இல்ல, கெத்செமனேல ஆண்டவரே பாத்திரம் நீங்கட்டும்னும் உம்முடைய சித்தம்னும் ஒரே மூச்சுல ஜெபிச்சவர். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தா பயப்படாம வாங்குங்க, வலியத் தாங்கிக்கிட்டு இருக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்ல. இந்தப் பேச்சு நோயாளி தெளிவா இருக்கிறப்பவே, அவங்களையும் வச்சுக்கிட்டு நடக்கணும், ஐயரையும் அன்னிக்கே கூப்பிட்டு உக்காரவைங்க.