ஆல்பத்துக்கு மதிப்பெண் போடுவதற்கு முன் ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

சென்ற ஆண்டு ஒரு புதிய ராக் ஆல்பத்துக்குப் பத்துக்கு எட்டரை போட்டு எழுதினேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது ஆறுக்கு மேல் தேறவில்லை. ஏமாந்தது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது. விமர்சனம் எழுதத் தொடங்குபவர்களுக்கு அந்த ஒரு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இது.

படி 1: அளவுகோல்

அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-இல் நியூயார்க்கின் 'தி வில்லேஜ் வாய்ஸ்' இதழில் பள்ளிக்கூட வாத்தியார் போல ஏ, பி, சி என்று தரம் போடத் தொடங்கினார். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் ஐந்து நட்சத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. 'பிட்ச்ஃபோர்க்' என்ற இசை விமர்சன இணையதளம் 0.0 முதல் 10.0 வரை தசமத்தில் போடுகிறது. எண்ணிப் பார்த்தால் 101 படிகள். புதியவர்கள் இந்தத் தசமத்தின் பக்கம் போகவே வேண்டாம். 7.3-க்கும் 7.4-க்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போவீர்கள். நான் பத்துக்கு, அரை அரை மதிப்பெண்ணாக மட்டும் போடுகிறேன்.

ஒரு சிக்கலை மட்டும் நினைவில் வையுங்கள். 'மெட்டாகிரிட்டிக்' தளம் எல்லோருடைய மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றி, இதழின் முக்கியத்துவத்துக்கு ஏற்பச் சராசரி எடுக்கிறது. 'நன்றாகவே இருக்கிறது' என்று ஒருவர் தந்த மூன்று நட்சத்திரம் அங்கே 60 ஆகிவிடும். நம் கல்லூரிக் கணக்கில் 60 என்றால் முதல் வகுப்பு; ஆங்கில இசை விமர்சனம் படித்துப் பழகியவர்களுக்கோ அது சுமார்தான். உங்கள் 6 எதைக் குறிக்கிறது என்பதை முதல் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: எடைக்கற்கள்

மனப்பாடமாகத் தெரிந்த மூன்று ஆல்பங்களை எடுத்து 9, 6, 4 என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள். புதிதாக வருவதை இவற்றோடு தராசில் வையுங்கள். உலகத்தில் உள்ள எல்லா இசையோடும் ஒப்பிட யாராலும் முடியாது.

படி 3: ஒலியளவு

நான் வழுக்கி விழுந்த இடம் இது. என் எடைக்கல் 1980-களின் குறுந்தகடு. புதிய ஆல்பமோ இந்தக் காலத்து வழக்கப்படி ஓசையின் ஏற்ற இறக்கத்தை அழுத்திக் குறைத்து, உச்சம் வரை ஏற்றிப் பதிவானது. ஒலியளவுப் பொத்தானைத் தொடாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். புதியதில் பேஸ் கிடார் நெஞ்சில் இடித்தது, சிம்பல் பளிச்சென்று கேட்டது. 'ஒலிப்பதிவு அபாரம்' என்று எழுதியும் விட்டேன்.

காது செய்யும் மோசடி இது. குறைந்த ஒலியில் தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் நமக்கு மங்கலாகக் கேட்கும். ஒலியை ஏற்றினால் அவை எழுந்து வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். ஓரிரு டெசிபல் கூடினால் 'சத்தம் கூடியது' என்று தோன்றாது. 'தெளிவு கூடியது' என்றுதான் தோன்றும். என் இரண்டு ஆல்பங்களுக்கும் இடையே இருந்ததோ ஏழு டெசிபல்.

சரிசெய்ய நான் நம்புவது ஃபூபார்2000 என்ற, கணினியில் பாட்டுக் கேட்கும் மென்பொருள். தோற்றத்தில் 2003-ஆம் ஆண்டு அரசு அலுவலகக் கணினியை நினைவூட்டும். போகட்டும், வேலை செய்கிறது. ஆல்பத்தின் பாடல்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அழுத்தி, ரீப்ளேகெயின் (ஒலியளவை அளந்து சமப்படுத்தும் வசதி) பகுதியில் 'ஒரே ஆல்பமாக' அளக்கச் சொல்லுங்கள். எடைக்கல் ஆல்பங்களையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். பிறகு அமைப்புகளில் பிளேபேக் பக்கத்துக்குப் போய், ரீப்ளேகெயினின் மூலத்தை (Source mode) 'ஆல்பம்' என்று மாற்றுங்கள். இந்த இரண்டாவது மாற்றத்தை மறந்தால் அளந்தது வீண். நான் மூன்று நாள் மறந்திருந்தேன்.

சமப்படுத்திக் கேட்டபோது அந்த 'அபார' ஒலிப்பதிவில் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலிருந்தது. அடி விழும் நொடிக்கும் அடுத்த நொடிக்கும் இடையே ஏற்ற இறக்கமே இல்லை. எட்டரை ஆறாகியது.

படி 4: கேட்பது

முதல் முறை குறிப்பெடுக்காமல். இரண்டாம் முறை நிமிடம், நொடி போட்டுக் குறிப்பு. இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்றாவது. பாடல் வரிசையை மாற்றாதீர்கள்.

படி 5: எழுதிய பிறகு எண்

கட்டுரையை முடித்துவிட்டு, அதைப் படித்துப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். எண்ணை முதலில் போட்டால் அதற்கு வக்கீலாக வாதாடத் தொடங்கிவிடுவோம். தேதியும் போடுங்கள். டாஃப்ட் பங்க் இசைக்குழுவின் 'டிஸ்கவரி' ஆல்பத்துக்கு 2001-இல் 6.4 கொடுத்த பிட்ச்ஃபோர்க், 2021-இல் பழைய மதிப்பெண்கள் பத்தொன்பதை மறுபரிசீலனை செய்தபோது அதற்கு 10 கொடுத்தது. பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பம் 0.0-இலிருந்து 6.0-க்கு ஏறியது. இருபது ஆண்டு கழித்துத் திருத்தியதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். முதலில் பூஜ்யம் போட்டதைத்தான் சொல்வேன்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர், சமப்படுத்திய பிறகு ஆல்பத்தின் நடுவில் வரும் மெல்லிய பியானோத் துண்டு கடைசிப் பாட்டின் அளவுக்கு முழங்குகிறது என்று எழுதியிருந்தார். அவர் தனித்தனிப் பாடலாக அளந்துவிட்டார். மெல்ல ஒலிக்க வேண்டும் என்று கலைஞர் முடிவு செய்த இடத்தை மென்பொருள் திருத்தக் கூடாது. ஆல்பமாகவே அளக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையிலும் இதே கதைதான்: ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், கலைத்துப் போட்டால் ஒவ்வொரு பாட்டும் தனியாகச் சமமாகிவிடும்.

இன்னொருவர் தமிழ்த் திரைப்பட ஆல்பங்களைப் பற்றிக் கேட்டார். அங்கே ஒலியளவை விடப் பழக்கம்தான் பெரிய சிக்கல். முதலில் வெளியான பாட்டை டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரு மாதம் கேட்ட பிறகுதான் மற்ற பாடல்கள் வந்து சேர்கின்றன. நான் செய்வது இவ்வளவுதான்: கடைசியாக வந்த பாட்டைப் பத்து முறை கேட்கும் வரை, முன்பே வந்த பாட்டை ஓடவிடுவதில்லை. டீக்கடைக்காரரிடம் மட்டும் இதைச் சொல்ல முடியவில்லை.